பரிமாறும் கையும் கல்லாப்பெட்டியும்

ஜவ்வாது மலைமேல் புதூர்நாடு மாதிரியான ஊர்களின் சிறிய சாப்பாட்டுக் கடைகளில் சர்வர் என்று தனியாக ஓர் ஆள் இருப்பது அரிது. உலை வைத்தவரே இலையும் போடுவார். குழம்பில் காரம் தூக்கலா, ரசம் தீர்ந்துவிட்டதா, பானையில் இருக்கும் சோறு இன்னும் எத்தனை பேருக்கு வரும் என்பதெல்லாம் யாரிடமும் கேட்காமலே அவருக்குத் தெரியும். வருகிறவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகங்கள். கடை சின்னது, வரும்படியும் சின்னதுதான். ஆனால் பரிமாறுவதில் பணம் போகிறது என்று அங்கே ஒரு கணக்கு எழ வழியே இல்லை.

மலையிறங்கித் திருப்பத்தூருக்கு வந்து, பேருந்து நிலையத்தை ஒட்டிய நடுத்தர ஓட்டல் ஒன்றில் மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்தால் நிலைமை வேறு. அடுப்படியில் மாஸ்டர், கல்லாவில் முதலாளி, நடுவில் சர்வர். உள்ளே என்ன இருக்கிறது என்பது மாஸ்டருக்குத் தெரியும். எதை விற்றால் காசு நிற்கும் என்பது முதலாளிக்குத் தெரியும். தன் பசி என்ன கேட்கிறது என்பது சாப்பிட வந்தவருக்குத் தெரியும். இந்த மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட வேண்டியவர் சர்வர். அவரோ போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பார். ஒரு சட்டையையும் தோளுக்கு ஒரு துண்டையும் கொடுத்து, ‘நாலாம் நம்பர், அஞ்சாம் நம்பர் டேபிள் உன்னுது’ என்று காட்டிவிட்டிருப்பார்கள். பயிற்சி அத்தோடு முடிந்தது.

ஓட்டல் முதலாளிகளிடம் நட்டத்தைப் பற்றிக் கேட்டால் எண்ணெய் விலை, கேஸ் சிலிண்டர், கடை வாடகை, மாஸ்டர் கேட்கும் முன்பணம் என்று வரிசையாக வரும். தக்காளி நேற்று என்ன விலை, இன்று என்ன விலை என்பது அவர்களுக்கு மனப்பாடம். சர்வரைப் பற்றிய குறை தனியாக, கடைசியில், அலுப்போடு வரும்: ‘ஆளே கிடைக்கிறதில்லை, கிடைச்சாலும் நிக்கிறதில்லை.’ இந்த இரண்டு புலம்பல்களையும் சேர்த்துப் பார்க்கிறவர் குறைவு. காரணம் எளிது. அழுகிய தக்காளி கூடையில் கிடக்கிறது, எண்ணிப் பார்க்கலாம். கால் மணி நேரம் காத்திருந்து எழுந்துபோனவரை எந்த நோட்டிலும் எழுதுவதில்லை.

எழுதினால் என்ன ஆகும் என்று ஓர் உதாரணக் கணக்கில் பார்க்கலாம். எண்கள் கற்பனை, விகிதம் நடப்புக்கு ஒத்தது. 100 ரூபாய் வியாபாரத்தில் 40 ரூபாய் சரக்குக்குப் போகிறது. 50 ரூபாய் வாடகை, சம்பளம், மின்சாரம், வட்டி. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியே தீரவேண்டிய செலவு. மிச்சம் 10 ரூபாய் லாபம். இப்போது பரிமாறுவதில் கோளாறு ஏற்பட்டு வியாபாரம் நூற்றுக்கு 5 மட்டும் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வரவு 95. சரக்குச் செலவு 38 ஆக இறங்கும். 50 அப்படியே நிற்கும். கையில் மிஞ்சுவது 7. வியாபாரத்தில் நூற்றுக்கு 5 குறைந்தால் லாபத்தில் நூற்றுக்கு 30 போய்விடுகிறது. ‘கூட்டம் கொஞ்சம் கம்மிதான், பெரிசா ஒண்ணுமில்லை’ என்று முதலாளி சொல்லும்போது அவர் வியாபாரத்தைப் பார்க்கிறார், லாபத்தைப் பார்க்கவில்லை.

எதிர்த்திசையிலும் இதே நெம்புகோல் வேலை செய்கிறது. ஃபிரடரிக் ரைக்கெல்டும் ஏர்ல் சாஸரும் 1990இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில், கைவிட்டுப் போகும் வாடிக்கையாளர்களை நூற்றுக்கு 5 பேர் அளவுக்குத் தக்கவைத்தாலே லாபம் தொழிலுக்குத் தக்கபடி 25 முதல் 85 விழுக்காடு வரை கூடும் என்று காட்டினார்கள். அவர்கள் பார்த்தவை வங்கி, காப்பீடு, கடன் அட்டை போன்ற சேவைத் தொழில்கள். திருப்பத்தூர் மெஸ்ஸுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனால் செலவில் பெரும்பகுதி அசையாமல் நிற்கிற எந்தத் தொழிலிலும், திரும்பி வருகிறவர் கொண்டுவரும் ரூபாய் முதல்முறை வருகிறவரின் ரூபாயைவிடக் கனமானது என்ற அடிப்படை பொருந்தும்.

அடுத்தது நாற்காலிக் கணக்கு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஷெரில் கைம்ஸ் 1990களின் இறுதியில் உணவகங்களுக்கு ஓர் அளவுகோலைப் பரப்பினார்: ஓர் இருக்கை ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பது. விமானக் கம்பெனிகள் இருக்கையைப் பார்க்கிற அதே பார்வை. போன விமானத்தின் காலி இருக்கையை நாளைக்கு விற்க முடியாது. மதியம் ஒன்றரை மணிக்கு முடங்கிக் கிடந்த நாற்காலியையும் நாலு மணிக்கு விற்க முடியாது. 40 பேர் உட்காரும் ஓட்டலில் உச்ச நேரம் ஒன்றரை மணி நேரம் என்று கொள்வோம். ஒருவர் வந்து, சாப்பிட்டு, காசு கொடுத்து எழ 30 நிமிடம் ஆனால் மூன்று பந்தி. அதுவே 45 நிமிடம் ஆனால் இரண்டு பந்தி. ஒரு பந்தி குறைவு. ஆளுக்கு 120 ரூபாய் என்றால் 4,800 ரூபாய். சரக்குச் செலவைக் கழித்தால் 2,880. எல்லா நாளும் ஆட்கள் வாசலில் நிற்பதில்லை. மாதத்தில் 13 நாள் மட்டும் அப்படி நெரிசல் என்று கஞ்சத்தனமாகவே வைத்தாலும் 37,440 ரூபாய்.

அந்தப் பதினைந்து நிமிடம் எங்கே போகிறது? சாப்பிடுகிறவர் மெல்லுவதில் போவதில்லை. உட்கார்ந்த பிறகு முதலில் யாராவது ஏறிட்டுப் பார்க்க மூன்று நிமிடம். தண்ணீர் வரும், நாலு டம்ளருக்குள் நாலு விரலை விட்டுக் கொத்தாகத் தூக்கிவந்து வைப்பார். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் தள்ளி வைக்கிறவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார், அடுத்த முறை எதிர்க் கடைக்குப் போவார். ‘என்ன இருக்கு?’ என்றால் மனப்பாடமாக ஒரு மூச்சில் பத்துப் பதார்த்தம் கொட்டும். அதில் ஒன்றைச் சொன்னால் உள்ளே போய்விட்டு வந்து, ‘அது முடிஞ்சிருச்சு சார்’. இரண்டாவதைச் சொன்னால் ‘லேட்டாகும்’. மூன்றாவது வருகிறது, வேறு மேசைக்குப் போக வேண்டிய வெங்காய ஊத்தப்பம். திரும்பிப் போகிறது. கூட்ட நேரத்தில் தோசைக்கல்லில் தவறாக விழுந்த ஓர் ஊத்தப்பம் தன் மாவுக்கான நட்டம் மட்டும் அல்ல, அந்த இடத்தில் விழுந்திருக்க வேண்டிய தோசைக்காகக் காத்திருக்கிற இன்னொருவரின் ஐந்து நிமிடமும் கூட. கடைசியில் கை கழுவிவிட்டு வந்து பில்லுக்காக நிற்பது. சாப்பிட்டு முடித்தவர் நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இருப்பதிலேயே வீணான நேரம், அதைத்தான் பயிற்சியில்லாத சர்வர் கவனிக்கவே மாட்டார். அவர் கண் உட்காருகிறவர்மேல் இருக்கும், எழப்போகிறவர்மேல் இருக்காது.

இதில் சர்வரின் சோம்பலைத் தேடினால் கிடைக்காது. அவர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறார். ஓடுவதில் பாதி, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள உள்ளே போய் வருவது. ஆர்டரை எடுத்ததும் ‘ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு வெங்காய ஊத்தப்பம், சரிங்களா?’ என்று திருப்பிச் சொல்லும் சிறு பழக்கம் பாதி ஓட்டத்தை மிச்சப்படுத்தும். நெதர்லாந்தில் ரிக் வான் பாரனும் அவருடைய சகாக்களும் 2003இல் வெளியிட்ட சோதனையில், வாடிக்கையாளர் சொன்னதை அதே சொற்களில் திருப்பிச் சொன்ன பரிசாரகிகளுக்கு டிப்ஸ் கூடுதலாகக் கிடைத்தது. தன் பேச்சு காதில் விழுந்தது என்று தெரிந்தால் மனிதன் கை தாராளமாகிறது போலிருக்கிறது.

சர்வருக்கும் அடுப்படிக்கும் நடுவிலான உரசலை முதலில் ஊன்றிப் பார்த்தவர் வில்லியம் ஃபூட் வைட். சிகாகோ உணவகங்களில் ஆய்வு செய்து 1948இல் நூலாக வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று வேடிக்கையானது: கூட்ட நேரத்தில் சில பரிசாரகிகள் அழுகிறார்கள், சிலர் அழுவதில்லை, ஏன்? வேலைப் பளு எல்லோருக்கும் ஒன்றுதான். அழாதவர்கள், வாடிக்கையாளர் கூப்பிடும்வரை காத்திருக்காமல் தாங்களே முந்திக்கொண்டு மேசையின் போக்கைக் கையில் எடுத்துக்கொள்கிறவர்கள் என்று அவர் கண்டார். அதேபோல, சமையல்காரரிடம் நேரில் கத்தி ஆர்டர் சொல்லும் இடங்களில் சண்டை அதிகம். ஆர்டர் சீட்டை ஒரு முள்கம்பியில் குத்திவிட்டுப் போக, சமையல்காரர் தன் வரிசையில் எடுத்துக்கொள்ளும் இடங்களில் சண்டை குறைவு. நம் ஊரில் இன்று கே.ஓ.டி. என்று சொல்லப்படும் அடுப்படிச் சீட்டு செய்வதும் அதையேதான். ஆனாலும் கே.ஓ.டி. இயந்திரம் வாங்கி வைத்த பிறகும் ‘மாஸ்டர், ரெண்டு ரோஸ்ட் அவசரம்’ என்று குறுக்கே கத்துகிற குரல் ஓய்வதில்லை. இயந்திரத்துக்குப் பணம் கட்டிய முதலாளி, அது எதற்கு என்று சர்வருக்குச் சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கமாட்டார்.

திருப்பத்தூர் மாவட்டத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில்தான் ஆம்பூர் வருகிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கார்கள் பிரியாணிக்காகவே நிற்கும் ஊர். வரிசையாகப் பலகைகள், பிடிக்காவிட்டால் நூறடி தள்ளி அடுத்த கடை. வெளியூர்க்காரருக்குச் சீரகச் சம்பா அரிசியின் சின்னஞ்சிறு மணி புதிது, கூடவே வரும் புளிப்பான கத்திரிக்காய் புதிது. ‘இதைக் கொஞ்சம் சேத்துப் பிசைஞ்சு சாப்பிடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்த சர்வர் அந்தச் சாப்பாட்டை முழுமையாக்குகிறார். கத்திரிக்காயைக் கிண்ணத்தோடு டொக்கென்று வைத்துவிட்டுப் போகிறவர், சமையல்காரரின் பாதி உழைப்பை மேசையிலேயே விட்டுவிடுகிறார். சாப்பிட்டவர் அதைத் தொடாமல் எழுந்து போவார், கிண்ணம் குப்பைக்குப் போகும், பிரியாணி ‘பரவாயில்லை’ என்று ஊர் போய்ச் சேரும்.

‘வேற?’ என்ற கேள்விக்கு வருவோம். நம் டிபன் கடைகளின் மொத்த விற்பனைக் கலையும் இந்த ஒன்றில் அடங்கும். பழகிய சர்வர் இதைக் கேட்கும் நேரம் வேறு: இரண்டாம் இட்லி பாதி இருக்கும்போது, ‘ரவா தோசை சூடா வருது, சொல்லவா?’ என்பார். பழகாதவர் இலையை மூடிய பிறகு வந்து ‘வேற?’ என்பார். டாம் டானும் செர்கெய் நெட்டெசினும் அமெரிக்க உணவகக் கிளைகளின் பில் விவரங்களை அலசி 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் நம் நம்பிக்கை ஒன்றைக் கலைக்கிறது. சர்வருக்கு மேசைகள் மிகக் குறைவாக இருந்தால் அவர் விற்கும் முயற்சியும் குறைகிறது. மேசை கூடக்கூட முயற்சி கூடுகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால், பரிமாறி அனுப்பினால் போதும் என்று ஆகி மறுபடி சரிகிறது. அவர்கள் பார்த்த கிளைகளில் தேவைக்கு அதிகமான ஆட்களே இருந்தார்கள். ஆளைக் குறைத்திருந்தால் விற்பனை சுமார் 3 விழுக்காடு கூடி, சம்பளச் செலவு 17 விழுக்காடு குறைந்திருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. சர்வர் சரியில்லை என்றால் இன்னொரு சர்வரைப் போடு என்கிற நம் வழக்கமான மருந்து சில நேரம் நோயைக் கூட்டும். தெரியாத இருவர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வதைவிடத் தெரிந்த ஒருவர் ஆறு மேசையைப் பார்ப்பது மேல்.

சர்வர் என்றாலே திருட்டுப் பயம் வரும் முதலாளிகளுக்கு இன்னொரு ஆய்வு. லாமார் பியர்ஸும் வேறு இரு ஆய்வாளர்களும் 392 அமெரிக்க உணவகங்களில், பில் மோசடியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வந்த பிறகு என்ன நடந்தது என்று பார்த்தார்கள். திருட்டு குறைந்தது, ஆனால் அந்தத் தொகை சொற்பம். எதிர்பாராதது, கடையின் மொத்த வரவு சுமார் 7 விழுக்காடு உயர்ந்தது. குறுக்கு வழி அடைபட்டதும் அதே ஆட்கள் பரிமாறுவதிலும் விற்பதிலும் கவனம் செலுத்தி டிப்ஸை நேர்வழியில் தேடத் தொடங்கினார்கள் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். கல்லாவில் காணாமல் போகும் ஐம்பது ரூபாயைத் தேடிக்கொண்டு கேமராத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு, மேசையில் விற்காமல் போன ஐந்நூறு ரூபாய் அந்தத் திரையில் தெரியாது.

இத்தனைக்கும் எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. மோசமாகப் பரிமாறியும் நிரம்பி வழிகிற கடைகளை நாம் எல்லோரும் அறிவோம். இரவுப் பேருந்துகள் நிற்கும் நெடுஞ்சாலை மோட்டல்களை நினைத்துப் பாருங்கள். பேருந்து அங்கேதான் நிற்கும், பயணிக்கு வேறு வழியில்லை, நாளைக்கு வேறு பயணி. அங்கே சர்வருக்குப் பயிற்சி கொடுத்தால் ஒரு ரூபாய் கூடப் போவதில்லை; கொடுக்காததால் ஒரு ரூபாய் குறையப் போவதுமில்லை. இன்னொரு பக்கம், திட்டிக்கொண்டே பரிமாறுகிற பழைய மெஸ்கள். அங்கே கைப்பக்குவம் எல்லாவற்றையும் மன்னிக்க வைக்கிறது. ஆனால் கவனித்துப் பார்த்தால், அந்த மெஸ்ஸின் சர்வர் முரடர்தானே தவிரத் தெரியாதவர் அல்ல. எந்த மேசைக்கு என்ன குறைகிறது என்று கேட்காமலே வந்து போடுவார். முரட்டுத்தனத்தை நம் ஊர்க்காரர்கள் பொறுப்பார்கள். ‘தெரியலை சார், கேட்டுச் சொல்றேன்’ என்று போய்த் திரும்பி வராதவரைப் பொறுக்கமாட்டார்கள்.

வாடிக்கையாளருக்குத் தேர்ந்தெடுக்க வழி இருக்கும் இடத்தில் மட்டும் பரிமாறுதல் லாபத்தைத் தொடுகிறது என்றால், அந்த வழி கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெருகிவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து மைக்கேல் லூக்கா 2011இல் செய்த ஆய்வில், யெல்ப் என்ற மதிப்புரைத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 விழுக்காடு கூடியது. தொடர் கடைகளுக்கு இந்த விளைவு இல்லை, தனிக் கடைகளுக்குத்தான். வெளியூர்க்காரர் பெயர் தெரியாத கடைமுன் நின்று செல்பேசியைப் பார்க்கிற காட்சி இன்று ஏலகிரியிலும் சாதாரணம். அந்தச் செல்பேசியில் தெரியும் மதிப்புரைகளின் குறைகளைப் படித்தால், சாப்பாட்டைவிட ‘ஆளே வரவில்லை’, ‘கேட்டதற்குப் பதில் இல்லை’ என்பவை கண்ணில் படத் தவறுவதில்லை.

தெரிந்த சர்வர்கள் முன்பு எங்கிருந்து வந்தார்கள்? இதைப் பேசும்போது பழைய ஓட்டல்களின் பொற்காலம் பற்றிய பெருமூச்சு வழக்கமாக எழும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். உடுப்பிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து அடுக்களை எடுபிடி வேலையில் தொடங்கிய கே. கிருஷ்ணராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்தார். சரவண பவன் பி. ராஜகோபால் பள்ளியை விட்டு, சிறு வயதிலேயே ஓட்டலில் மேசை துடைத்தவர். 1981இல் சென்னை கே.கே. நகரில் முதல் உணவகம். இந்தக் கதைகளை உழைப்பால் உயர்ந்தவர்களின் கதைகளாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அவற்றின் அடியில் ஒரு பயிற்சி முறை இருந்தது: பத்து வயதுப் பையன் மேசை துடைப்பான், பிறகு தண்ணீர் வைப்பான், பிறகு சாம்பார் வாளி தூக்குவான், மீசை முளைக்கும்போது ஆர்டர் எடுப்பான். எட்டு வருடப் பயிற்சி, கிட்டத்தட்டச் சம்பளமில்லாமல், பள்ளிக்கூடத்தைப் பறிகொடுத்து. ஒரு பையன் முதலாளியானான் என்றால் ஆயிரம் பேர் துண்டோடு கிழவர்களானார்கள்.

2006 அக்டோபர் 10 முதல் ஓட்டல்களிலும் தாபாக்களிலும் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டது. சரியான சட்டம். ஆனால் அது மூடிய அந்தக் கொடுமையான பள்ளிக்கு மாற்றாக வேறெதையும் ஓட்டல் தொழில் திறக்கவில்லை. முன்பு குழந்தைகளின் பால்யத்திலிருந்து எடுத்த செலவை இப்போது கல்லாவிலிருந்து எடுக்க வேண்டும், அதற்கு முதலாளிகளின் மனம் பழகவில்லை. எட்டு வருடத்தில் தானாகப் படிந்த தேர்ச்சி, பதினெட்டு வயதில் வேலைக்கு வரும் ஆளிடம் முதல் நாளே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த ஆள் இன்று பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவராக இருந்தால், காரச் சட்னிக்கும் தக்காளிச் சட்னிக்கும் வித்தியாசத்தைத் தெரியாத மொழியில் கற்றுக்கொள்ள வேண்டும். அவரைப் பார்த்து எரிச்சல்படுகிற வாடிக்கையாளர், பெங்களூரில் கன்னடம் தெரியாமல் தட்டேந்தி நிற்கும் நம் பையனை நினைப்பதில்லை.

‘கற்றுக்கொடுத்தால் அடுத்த கடைக்காரன் நூறு ரூபாய் கூடக் கொடுத்துத் தூக்கிட்டுப் போயிடுவான்’ என்பது முதலாளிகளின் பதில். பொய்யில்லை. ஆனால் கற்றுக்கொடுக்காததாலும் ஆள் போகிறான். நாள் முழுக்க மேசையில் வசவு, அடுப்படியில் வசவு, கல்லாவில் வசவு. தெரியாத வேலையில் நிற்கிறவனுக்கு டிப்ஸும் விழாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் இருக்கிறார்கள். காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் ஊக்கத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து 1957இல் பெங்களூரிலும் 1958இல் திருச்சூரிலும் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். பரிமாறுகிறவரே பங்குதாரர். தலைப்பாகை கட்டிய அந்த ஊழியர்கள் சிரித்துக் குழைவதில்லை, ஆனால் காபி யாருக்கு, கட்லெட் யாருக்கு என்பதில் பிசகுவதும் இல்லை. கற்றதை எடுத்துக்கொண்டு ஓட அவர்களுக்குக் காரணமில்லை.

சரவண பவன் வேறு வழியில் போனது. சரக்கிலும் சம்பளத்திலும் கைவைத்து லாபம் பார் என்ற ஆலோசனையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, ஊழியருக்குத் தங்குமிடம், மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று கொடுத்து ஆட்களை நிறுத்திக்கொண்டது; 2000இல் துபாய்க்குப் போனபோது கொண்டுபோக அதனிடம் பழகிய ஆட்கள் இருந்தார்கள். இதைச் சொல்லும் அதே மூச்சில், அதன் நிறுவனர் தன் ஊழியர் ஒருவரின் மருமகனைக் கொன்ற 2001ஆம் ஆண்டு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 2019இல் இறந்தார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஊழியர் நலன் முதலாளியின் பெருந்தன்மையாக இருக்கும்வரை அது அவர் கையில் இருக்கிறது.

வேறு சில உணவகங்கள் சேவையின் விலையைப் பில்லிலேயே ஏற்றப் பார்த்தன. நூற்றுக்கு ஐந்து, பத்து என்று சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் எதிர்த்து வழக்காட, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் நெறிமுறையை உறுதிசெய்தது. பெரும்பாலான தமிழ்நாட்டு ஓட்டல்களுக்கு இது தொலைதூரச் செய்தி. இங்கே பேச வேண்டியது வேறு: காலை டிபனிலிருந்து இரவு வரை நிற்கும் கால்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. மாலை ஏழு மணிக் கூட்டத்தில் சர்வர் காட்டும் கடுகடுப்பில் எவ்வளவு பயிற்சிக் குறை, எவ்வளவு முழங்கால் வலி என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

மலைக்குத் திரும்புவோம். திருப்பத்தூர் பக்கத்து ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள். மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். சாமையும் புளியும் தேனும் சீத்தாப்பழமும் விளைந்தாலும் வயிற்றுப்பாட்டுக்கு வெளியூர் போவது பழகிப்போன ஒன்று. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்டப் போனால் ஒரு நாளிலேயே பெருங்கூலி கிடைக்கும் என்று ஆசை காட்டி ஆள் பிடிப்பவர்கள் மலைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. இப்படிப்பட்ட ஊரின் இளைஞனுக்கு, தட்டு ஏந்தும் வேலை அடிமட்டக் கூலி வேலையா, கைத்தொழிலா என்பது சின்ன விஷயம் இல்லை.

வழிகள் இல்லாமல் இல்லை. மத்தியச் சுற்றுலா அமைச்சகம் 2009–10இல் தொடங்கிய ‘ஹுனர் சே ரோஜ்கார்’ திட்டத்தில், எட்டாம் வகுப்புப் படித்தவர்களுக்கு உணவு பரிமாறும் பயிற்சி ஆறு வாரம். சென்னை தரமணியில் உள்ள ஓட்டல் மேலாண்மை, கேட்டரிங் நிறுவனத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் படிக்க மாநில அரசின் தாட்கோ நிறுவனம் கட்டணம் செலுத்துகிறது. அங்கே படித்து வருகிறவர் நட்சத்திர ஓட்டலுக்கோ கப்பலுக்கோ போவார். போகட்டும், அதுதான் நியாயம். பேருந்து நிலையத்து ஓட்டல் தன் ஆளைத் தானே தயார் செய்துகொள்ள வேண்டியதுதான்.

அதற்கு வகுப்பறை வேண்டாம். புதிய ஆளை முதல் இரண்டு நாள் அடுப்படியில் நிறுத்தலாம்: எது எதில் போடப்படுகிறது, எதற்கு எத்தனை நிமிடம், எதில் வெங்காயம் பூண்டு இல்லை, காலை பதினொரு மணிக்கு எது தீரும். ஒவ்வொன்றையும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். தான் ருசித்திராத ஒன்றை யாராலும் நம்பிக்கையோடு விற்க முடியாது, இருந்தும் தன் கடை நெய் ரோஸ்ட்டைத் தின்றிராத சர்வர்கள் எத்தனையோ பேர். மூன்றாம் நாள் பழைய சர்வர் ஒருவரின் பின்னால் நடக்கட்டும், கையில் எதுவும் ஏந்தாமல். நான்காம் நாள் தண்ணீரும் இலையும், டம்ளரை அடியில் பிடித்து. ஐந்தாம் நாள் இரண்டு மேசை, ஆர்டரைத் திருப்பிச் சொல்லி. ஆறாம் நாள் பில், எழப்போகிறவர்மேல் ஒரு கண் வைத்து. நாளுக்கு 500 ரூபாய் சம்பளம் என்றால் ஆறு நாளுக்கு 3,000 ரூபாய். கூடவே அவர் ருசி பார்த்த ஒரு நெய் ரோஸ்ட்.